கருந்துளையைத் தட்டிப் பார்ப்பது எப்படி

மண்பானை வாங்கப் போகிறவர்கள் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார்கள். நன்றாக வெந்த பானை கணீரென்று சொல்லும், கீறல் விழுந்தது மொத்தையாக ஒரு சத்தம் போடும். முட்டியால் தட்டினாலும் கரண்டியால் தட்டினாலும் அந்தச் சத்தத்தின் குணம் பானையுடையதுதான். கருந்துளையும் அப்படித்தான். அதன் மேல் ஒரு விண்மீன் விழட்டும், இன்னொரு கருந்துளை மோதட்டும், எங்கிருந்தோ ஓர் ஈர்ப்பலை வந்து உரசட்டும், கடைசியில் அது எழுப்பும் ஒலிக்கு அதன் நிறையும் சுழற்சியும் தெரிந்தால் போதும், தட்டியது யார் என்று தெரிய வேண்டியதில்லை.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, சொந்த மடிக்கணினியில் ஒரு கருந்துளையைத் தட்டி அந்த ஒலியைக் கண்ணால் பார்ப்பது வேறு. இரண்டாவதைத்தான் இங்கே சொல்லித் தரப் போகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வகைக்கெழு, கலப்பெண், ஏதாவது ஒரு மொழியில் லூப் எழுதத் தெரிவது, இவ்வளவு இருந்தால் ஒரு வார இறுதியில் முடிக்கலாம். பொதுச் சார்பியலின் முழுக் கணக்கும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே ஒரு சமன்பாட்டை மட்டும் நம்பி வாங்கிக்கொள்ளுங்கள். நாம் தேடிப் போவது இரண்டு எண்கள்: 0.3737, 0.0890. முதலாவது எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பது, இரண்டாவது எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பது.

ஒரு விஷயத்தில் மட்டும் பாடப்புத்தகங்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அவை எல்லை நிபந்தனை, கலப்பெண் அதிர்வெண் என்று ஆரம்பித்து, கடைசி அத்தியாயத்தில்தான் அலையின் படத்தைக் காட்டும். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் தட்டிக் கேளுங்கள், அப்புறம் சூத்திரம். இந்தத் துறையும் அப்படித்தான் வளர்ந்தது.

எதைத் தட்டுகிறோம்

சுழலாத, மின்னூட்டம் இல்லாத கருந்துளை, ஷ்வார்ஸ்சைல்டு கண்ட தீர்வு. இதன் வெளி-நேர வடிவத்தோடு மிகச் சிறிய ஓர் உலைவைச் சேர்த்து ஐன்ஸ்டீன் சமன்பாட்டில் போட்டு, உலைவின் வர்க்கம் வரும் இடங்களை எல்லாம் விட்டுவிட்டால், பத்துச் சமன்பாடுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நிற்கும். கருந்துளை உருண்டையாக இருப்பதால் கோணங்களைத் தனியே பிரித்து எடுத்துவிடலாம், பூமியின் அலைகளையும் அணுவின் எலக்ட்ரான் மேகத்தையும் பிரிக்கிறோமே, அதே ஸ்ஃபெரிக்கல் ஹார்மோனிக்ஸ் கொண்டுதான். 1957இல் டுல்லியோ ரெஜ்ஜேயும் ஜான் வீலரும் இந்தச் சிக்கலை அவிழ்த்து, பாதி உலைவுகளுக்கு ஒரே ஒரு சமன்பாடு போதும் என்று காட்டினார்கள். மற்றப் பாதிக்கு 1970இல் ஃபிராங்க் ஜெரில்லி ஒன்றைக் கண்டுபிடித்தார். அது பார்க்கவே பயமுறுத்தும், ஆனால் நாம் அதைத் தொட வேண்டாம். இரண்டு சமன்பாடுகளுக்கும் ஒரே ஒலிதான் என்று சந்திரசேகர் பிற்பாடு நிறுவிவிட்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகரேதான். வெள்ளைக் குள்ளன்களுக்காக அவரைத் தெரிந்த பலருக்கு, பின்னாளில் பல ஆண்டுகளை அவர் கருந்துளைகளின் அதிர்வுக்காகச் செலவிட்டது தெரியாது.

சரி, சமன்பாடு. நிறை, ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி மூன்றையும் 1 என்று வைத்துக்கொள்கிறோம், ஆரத்தை ஆ என்று குறிக்கிறோம். நிகழ்வெல்லை, அதாவது உள்ளே போனது எதுவும் திரும்பி வராத எல்லை, ஆ = 2 என்ற இடத்தில் இருக்கும். அந்த எல்லையை எண்ணற்ற தொலைவுக்குத் தள்ளிவிடும் ஒரு புதிய அளவுகோல் வேண்டும், அதற்கு ஆமை ஆரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம், ஆங்கிலத்திலும் ஆமையின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

ஆமை ஆரம் = ஆ + 2 × மடக்கை(ஆ/2 − 1)

இது இயல் மடக்கை, பத்தடி மடக்கை போட்டுவிடாதீர்கள். நிகழ்வெல்லையை நெருங்க நெருங்க இது மைனஸ் முடிவிலிக்குப் போகும், வெளியே வெகுதூரத்தில் சாதாரண ஆரம் போலவே நடந்துகொள்ளும். இந்த அளவுகோலில் உலைவின் சமன்பாடு, கம்பியில் ஓடும் அலையின் சமன்பாடுதான், கூடவே பொட்டன்ஷியலை அலையால் பெருக்கிய ஓர் உறுப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். கோணங்களைப் பிரித்தபோது ஒவ்வொரு வடிவத்துக்கும் கிடைக்கும் வரிசை எண்ணைக் கோண எண் என்போம். அந்தப் பொட்டன்ஷியல், கோண எண் 2க்கு:

பொட்டன்ஷியல் = (1 − 2/ஆ) × (6/ஆ² − 6/ஆ³)

ஏன் கோண எண் 2? கோண எண் 0 என்பது கருந்துளையின் நிறையைக் கொஞ்சம் மாற்றுவதுதான், 1 என்பது அதற்குக் கொஞ்சம் சுழற்சி கொடுப்பது அல்லது இடத்தை நகர்த்துவது. ஈர்ப்பலையாக வெளியே போகக்கூடியது 2இல்தான் தொடங்குகிறது, அதுவே பெரும்பாலும் ஓங்கியும் ஒலிக்கும்.

இந்தப் பொட்டன்ஷியலை ஆமை ஆரத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். ஒரே ஒரு மேடு, இரண்டு பக்கமும் சரிவு. இடப்பக்கம் நிகழ்வெல்லையை நோக்கி மிக வேகமாகச் சரியும், வலப்பக்கம் மெதுவாக. படுத்திருக்கும் ஒட்டகத்தின் திமில் போல இருக்கும். இந்தப் படத்தை வரையாமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள், மீதி எல்லாமே இந்த மேட்டில்தான் நடக்கிறது.

தட்டுவது

1970இல் பெங்களூருவைச் சேர்ந்த சி. வி. விஸ்வேஸ்வரா, அமெரிக்காவில் இருந்தபடி, கருந்துளையின் மேல் அலைத் துடிப்புகளை ஏவிப் பார்த்தார், கணினியில்தான். அகலமான துடிப்பை அனுப்பினால் குறிப்பாக எதுவும் தெரியவில்லை. துடிப்பைக் குறுக்கிக்கொண்டே வந்து, அதன் அகலம் கருந்துளையின் அளவை ஒட்டி வந்ததும், திரும்பி வந்த அலையில் ஒரு அதிர்வு தெரிந்தது, அடங்கிக்கொண்டே போகும் அதிர்வு. துடிப்பை இன்னும் மாற்றினாலும் அந்த அதிர்வு மாறவில்லை. கருந்துளைக்கென்று ஒரு குரல் இருக்கிறது என்பதை முதலில் கேட்டவர் அவர்தான். அவர் செய்ததை நாமும் செய்யப் போகிறோம், நம்மிடம் இருப்பது அவரிடம் இருந்ததை விடப் பல மடங்கு வேகமான கணினி.

நேரத்தையும் ஆமை ஆரத்தையும் நேராகப் பயன்படுத்தாமல், அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் அச்சுகளாக வைத்துக்கொள்ளுங்கள். நேரம் + ஆமை ஆரம் என்பதை "உள் அச்சு" என்போம், உள்ளே போகும் ஒளி இந்த எண் மாறாமல் போகும். நேரம் − ஆமை ஆரம் என்பது "வெளி அச்சு". இந்த இரண்டிலும் 0.1 இடைவெளியில் கட்டம் போடுங்கள். ஒரு சின்னக் கட்டத்தின் நான்கு மூலைகளில் மூன்றின் மதிப்பு தெரிந்தால் நான்காவது கிடைத்துவிடும்:

மேல் = இடம் + வலம் − கீழ் − (0.1² / 8) × பொட்டன்ஷியல் × (இடம் + வலம்)

கீழ் என்பது பழைய மூலை, மேல் என்பது புதிய மூலை, இடமும் வலமும் நடுவில் இருக்கும் இரண்டு. முழு நிரலும் இந்த ஒரு வரிதான். கீழ் மூலைக்கும் மேல் மூலைக்கும் ஆமை ஆரம் ஒன்றே என்பதால் பொட்டன்ஷியலை எந்த மூலையில் எடுப்பது என்ற குழப்பமும் இல்லை. எல்லா ஆமை ஆரத்துக்கும் அதை முன்கூட்டியே ஒரு பட்டியலாகப் போட்டு வைத்துவிடுங்கள், லூப்புக்குள் கணக்கிட வேண்டாம். நினைவகத்தில் இரண்டு வரிசைகள் மட்டும் வைத்திருந்தால் போதும்.

தொடக்கம் இப்படி: வெளி அச்சு 0 என்ற கோட்டில், உள் அச்சின் 40ஐ மையமாக வைத்து, அகலம் 3 கொண்ட ஒரு காஸியன் துடிப்பு. உள் அச்சு 0 என்ற கோட்டில் எல்லாமே பூஜ்யம். வெளி அச்சை 500 வரையும் உள் அச்சை 600 வரையும் ஓட்டுங்கள், மொத்தம் 3 கோடிப் புள்ளிகள். சி, ஜூலியா போன்ற மொழிகளில் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், வெறும் பைத்தான் லூப்பில் எழுதினால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆமை ஆரம் 50 என்ற இடத்தில் ஓர் ஆளை உட்கார வைத்து, அதாவது உள் அச்சு = வெளி அச்சு + 100 என்று வரும் புள்ளிகளை மட்டும் எடுத்து, அவர் காதுக்கு என்ன வருகிறது என்று பதிவு செய்யுங்கள். உள்ளே போகும் துடிப்பு இவரைக் கடந்த பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது, ஆகையால் இவருக்குக் கேட்பது எல்லாம் கருந்துளையின் பதில் மட்டுமே.

இங்கே ஒரு இடத்தில் கவனம் தேவை, பலரும் வழுக்கி விழுவது இங்கேதான். பட்டியல் போட, ஆமை ஆரத்திலிருந்து சாதாரண ஆரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், மேலே கொடுத்த சூத்திரத்தைத் தலைகீழாக்க வேண்டும். லாம்பர்ட் சார்பு இதற்கென்றே செய்தது போல இருக்கும்: லாம்பர்ட் சார்புக்குள் "ஆமை ஆரத்தில் பாதி − 1" என்பதன் அடுக்குக்குறி மதிப்பைக் கொடுத்து, வரும் எண்ணோடு 1 கூட்டி, இரண்டால் பெருக்கினால் ஆரம். ஆனால் ஆமை ஆரம் −100 என்ற இடத்தில் ஆரம் 2க்கு மிக மிக அருகில் இருக்கும், கணினியின் பதினாறு இலக்கத்துக்குள் அது வெறும் 2 என்றே தெரியும், பொட்டன்ஷியலில் உள்ள 1 − 2/ஆ முழுசாகப் பூஜ்யமாகிவிடும் அல்லது கண்டபடி ஆடும். தப்பிக்க எளிய வழி: லாம்பர்ட் சார்பு தரும் எண்ணை, அதோடு 1 கூட்டிய எண்ணால் வகுத்தால் அதுவே 1 − 2/ஆ. கழித்தலே இல்லை, இலக்கம் இழப்பும் இல்லை. பைத்தானின் ஸைபை தொகுப்பில் இந்தச் சார்பு தயாராகவே இருக்கிறது. நாம் ஓட்டும் தூரத்துக்கு அடுக்குக்குறி எண் வழிந்து போகாது, ஆமை ஆரம் ஆயிரத்துச் சொச்சத்தைத் தாண்டினால் மட்டும் நியூட்டன் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கேட்பது

பதிவான அலையை அப்படியே வரைந்தால் ஒரு துள்ளல், இரண்டு மூன்று நெளிவு, அப்புறம் தட்டைக் கோடு. ஏமாந்துவிட வேண்டாம். அலையின் வீச்சை மடக்கை அளவில் வரையுங்கள், மறைந்திருந்தது எல்லாம் வெளியே வரும். மூன்று பகுதிகள் தெரியும். நேரம் 85 வாக்கில் முதல் பதில், அது நீங்கள் எப்படித் தட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. பிறகு நேர்கோட்டுச் சரிவில் வரிசையாக வளைவுகள், அடுத்தடுத்துத் தொங்கும் தோரணம் போல, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கூர்மையாக ஒரு பள்ளம். இதுதான் மணி ஒலிக்கும் பகுதி. எல்லாம் அடங்கிய பிறகு, பள்ளமே இல்லாத ஒரு நீண்ட வால்.

நடுப்பகுதியில் ஸ்கேலை வையுங்கள். பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் நடுவே உள்ள நேரம் 8.4 என்று வரும். பை (π) என்ற எண்ணை அதனால் வகுத்தால் 0.374. சரிவை அளந்தால் ஓர் அலகு நேரத்துக்கு 0.089. நாம் தேடிப் போன இரண்டு எண்கள்.

இப்போதுதான் சுவையான வேலை. துடிப்பின் அகலத்தை 3இலிருந்து 1 ஆக்குங்கள், 5 ஆக்குங்கள், காஸியனை விட்டுவிட்டு ஒரு முக்கோணத்தை அனுப்புங்கள். முதல் பதில் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும், நடுப்பகுதியின் இடைவெளியும் சரிவும் அசையாது. நான் முதன்முதலில் இதைச் செய்தபோது ஏழெட்டு விதமான துடிப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்து, நடுப்பகுதியில் எல்லாக் கோடுகளும் ஒரே சாய்வில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. பிறகு அகலத்தை 30 ஆக்கிப் பாருங்கள், ஆனால் 30 போடும்போது துடிப்பின் மையத்தை 200க்கும், ஆளை இன்னும் வெளியேயும் தள்ள வேண்டும். ஒலி காணாமல் போய்விடும். காரணம் எளிது: அந்த அதிர்வின் ஒரு முழுச் சுற்றுக்கு 16.8 அலகு நேரம் ஆகிறது, அதை விட மெதுவாக ஏறி இறங்கும் துடிப்பில் அந்த அதிர்வெண்ணின் பங்கு கிட்டத்தட்ட இல்லை. பானையை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் ஒலிக்குமா?

வாலைப் பற்றி ஒரு வார்த்தை. அது அடுக்குக்குறியாகத் தேயாது, நேரத்தின் அடுக்காகத் தேயும், இதை 1972இல் ரிச்சர்டு பிரைஸ் காட்டினார். கோண எண் 2 என்றால், நேரத்தின் ஏழாம் அடுக்குக்குத் தலைகீழ். இரண்டு அச்சையும் மடக்கையில் போட்டால் சரிவு −7ஐ நோக்கி மெதுவாகப் போகும். வெகு தூரத்தில் விரிந்து கிடக்கும் பொட்டன்ஷியலில் பட்டுச் சிதறித் தாமதமாக வந்து சேரும் அலைதான் இது, மணியின் ஒலி அல்ல.

பேனாவும் காகிதமும்

கேட்டாகிவிட்டது. அந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன?

அலை ஒரே அதிர்வெண்ணில் ஆடுகிறது என்று வைத்துக்கொண்டு, இரண்டு நிபந்தனைகள் போடுங்கள்: வெளியே தூரத்தில் அலை வெளியேறி மட்டும் போக வேண்டும், நிகழ்வெல்லையில் உள்ளே விழ மட்டும் வேண்டும், ஏனென்றால் அங்கிருந்து எதுவும் திரும்பி வராது. வீணைக் கம்பியின் இரண்டு முனையும் கட்டியிருக்கிறது, ஆற்றல் உள்ளேயே சுழல்கிறது. இங்கே இரண்டு முனையும் திறந்தே கிடக்கிறது, இரண்டு பக்கமும் ஆற்றல் ஒழுகுகிறது. ஆகவே அதிர்வெண் கலப்பெண்ணாகத்தான் இருக்க முடியும், மெய்ப்பகுதி அதிர்வு, கற்பனைப்பகுதி தேய்வு. இவற்றுக்குக் குவாசி நார்மல் மோடு என்று பெயர். அரைகுறை மோடு என்று மொழிபெயர்க்கலாம்தான், எனக்கு மனம் வரவில்லை.

கற்பனைப்பகுதியின் குறி சாதாரண விஷயம் இல்லை. ஒரே ஒரு மோடாவது தேய்வதற்குப் பதில் வளர்ந்தால், தும்மல் போட்டால்கூடக் கருந்துளை நிலைகுலையும், வானத்தில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அப்படி வளர்வது எதுவும் இல்லை என்பதை நிறுவுவதிலும் விஸ்வேஸ்வராவின் பங்கு பெரியது.

எண்ணுக்கு வருவோம். 1985இல் பெர்னார்டு ஷூட்ஸும் கிளிஃபோர்டு வில்லும் சொன்ன வழி, குவாண்டம் இயற்பியலில் தடையை ஊடுருவும் துகளுக்குப் போடும் அதே தோராயம். மேட்டின் உச்சியை மட்டும் பார்த்தால் போதும் என்பது இதன் சாரம்:

அதிர்வெண்ணின் வர்க்கம்: மெய்ப்பகுதி = உச்சியின் உயரம், கற்பனைப்பகுதி = −½ × √(2 × உச்சியின் வளைவு)

வளைவு என்பது ஆமை ஆரத்தைப் பொறுத்த இரண்டாம் வகைக்கெழுவின் அளவு, குறியை விட்டுவிடுங்கள். பொட்டன்ஷியலை விரித்தால் 6/ஆ² − 18/ஆ³ + 12/ஆ⁴. வகைக்கெழு எடுத்துப் பூஜ்யத்துக்குச் சமன் செய்தால் 2ஆ² − 9ஆ + 8 = 0, ஆகவே உச்சி ஆ = (9 + √17)/4 = 3.281. அங்கே உயரம் 0.1513. சாதாரண ஆரத்தைப் பொறுத்த இரண்டாம் வகைக்கெழு −0.0651, உச்சியில் இதை 1 − 2/ஆ என்பதன் வர்க்கமான 0.1524ஆல் பெருக்கினால் ஆமை ஆரத்துக்கு மாறிவிடும், வளைவு 0.00992. அதிர்வெண்ணின் வர்க்கம் இப்போது மெய்ப்பகுதி 0.1513, கற்பனைப்பகுதி −0.0704. வர்க்கமூலம் எடுத்தால் 0.399, −0.088.

உண்மை மதிப்பு 0.3737, −0.0890. ஒரு இருபடிச் சமன்பாட்டையும் ஒரு வர்க்கமூலத்தையும் வைத்துக்கொண்டு, அதிர்வில் 7 சதவீதத்துக்குள்ளும் தேய்வில் 1 சதவீதத்துக்குள்ளும் வந்துவிட்டோம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த அரைப் பக்கக் கணக்கு இது.

உச்சி 3.28இல் இருப்பதும் தற்செயல் இல்லை. ஆ = 3 என்பது ஒளி கருந்துளையை வட்டமாகச் சுற்றி வரக்கூடிய இடம். அந்தச் சுற்று நிலையற்றது, கொஞ்சம் பிசகினாலும் ஒளி உள்ளே விழும் அல்லது வெளியே ஓடும். கோண எண் கூடக்கூட மேட்டின் உச்சி 3ஐ நோக்கி நகரும், அதிர்வு அந்தச் சுற்றின் வேகத்தையும் தேய்வு அந்தச் சுற்று கலையும் வேகத்தையும் ஒட்டி வரும். கருந்துளையின் குரல் நிகழ்வெல்லையிலிருந்து வருவதில்லை, அதற்கு வெளியே ஒளி தடுமாறும் அந்த வளையத்திலிருந்து வருகிறது. பலரும் இதை மாற்றிப் புரிந்துவைத்திருக்கிறார்கள், ஆகவே அழுத்திச் சொல்கிறேன்.

இலக்கத்துக்கு இலக்கம் சரியான விடை வேண்டுமென்றால் 1985இல் எட்வர்டு லீவர் கொடுத்த தொடர்பின்ன முறைக்குப் போக வேண்டும். அதை இங்கே விரிக்கவில்லை, ஆனால் செய்யப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: லீவர் நிகழ்வெல்லையின் ஆரத்தையே 1 என்று வைத்தார், ஆகவே அவர் விடை 0.7473, −0.1779 என்று நம் எண்களுக்குச் சரியாக இரண்டு மடங்காக இருக்கும். நிரலில் தவறு என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தேடாதீர்கள்.

ஹெர்ட்ஸுக்கு மாற்றுவது

சூரியனின் நிறையை நேரமாக மாற்றினால் 4.9255 மைக்ரோ நொடி. அதை வைத்துக் கணக்கிட்டால், சுழலாத கருந்துளைக்கு அதிர்வெண் 12,074 ஹெர்ட்ஸ் வகுத்தல் நிறை, நிறையைச் சூரிய அலகில் போட வேண்டும். பத்துச் சூரிய நிறை என்றால் 1,207 ஹெர்ட்ஸ், காதுக்குக் கேட்கும் வரம்புக்குள் வரும் எண், தேய்வு நேரம் அரை மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேல். நம் பால்வழியின் நடுவில் இருக்கும் கருந்துளைக்கு ஏறத்தாழ 43 லட்சம் சூரிய நிறை, சுழற்சியைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஓர் அதிர்வுக்கு ஆறு நிமிடம். எம்87 விண்மீன் மண்டலத்தின் 650 கோடி நிறைக் கருந்துளைக்கு ஆறு நாள்.

ஒன்று கவனித்தீர்களா, ஒவ்வொரு முழுச் சுற்றிலும் வீச்சு கால் பங்குக்கும் கீழே போய்விடுகிறது. கோயில் மணி அடித்தால் நூற்றுக்கணக்கான சுற்று நின்று ஒலிக்கும், கருந்துளை இரண்டு மூன்றோடு சரி. மணி என்று எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் ஈரத்துணி போர்த்திய மணி.

இனி நிஜமான கருந்துளையோடு சரிபார்ப்போம். 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலையைத் தேடும் அமெரிக்க ஆய்வகமான லைகோவின் இரண்டு கருவிகளும் பிடித்த முதல் ஈர்ப்பலை: 36, 29 சூரிய நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள் இணைந்து, 62 நிறையும் 0.67 சுழற்சியும் (உச்ச அளவு 1) உள்ள ஒன்றானது. இது சுழல்வதால் நம் சமன்பாடு போதாது, சால் டுகால்ஸ்கி 1972இல் கண்ட சமன்பாடு வேண்டும். நல்லவேளையாக அதன் விடைகளுக்கு பெர்ட்டி, கார்டோசோ, வில் மூவரும் 2006இல் ஒரு எளிய பொருத்தம் கொடுத்திருக்கிறார்கள், தரக்காரணி என்பது ஒலி அடங்குவதற்குள் எத்தனை சுற்று நிற்கிறது என்பதன் அளவு:

அதிர்வெண் எண் = 1.5251 − 1.1568 × (1 − சுழற்சி) அடுக்கு 0.1292
தரக்காரணி = 0.7 + 1.4187 × (1 − சுழற்சி) அடுக்கு −0.499

சுழற்சி 0 என்று போட்டுப் பாருங்கள், 0.3683 வரும், நம்முடைய 0.3737க்கு ஒன்றரை சதவீதம் குறைவு, அவ்வளவுதான் இதன் துல்லியம். 0.67 போட்டால் 0.5227, தரக்காரணி 3.17. ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 272.

வெளியான விடை 250 சொச்சம். நான் இங்கே இரண்டு மாலைப் பொழுதுகள் சிக்கிக்கொண்டேன், சூத்திரத்தை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன், தவறு சூத்திரத்தில் இல்லை. அந்த மோதல் 130 கோடி ஒளியாண்டு தள்ளி நடந்தது, அலை நம்மிடம் வருவதற்குள் பிரபஞ்சம் விரிந்து அதையும் 9 சதவீதம் இழுத்துவிட்டது. கருவி கேட்பது இழுபட்ட அலையை. ஆகவே நிறையை 1.09ஆல் பெருக்கி 68 என்று போட வேண்டும். போட்டால் 248 ஹெர்ட்ஸ், தரக்காரணியை π × 248ஆல் வகுத்தால் தேய்வு நேரம் 4 மில்லிநொடி. லைகோ குழு அந்தப் பதிவின் கடைசித் துணுக்கிலிருந்து எடுத்த எண்களோடு இது ஒத்துப்போகிறது. உங்கள் கைக்கணக்கும் வானத்திலிருந்து வந்த சமிக்ஞையும் சந்திக்கும் இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் மீதி எல்லாம் பழக்கம்தான்.

2025 ஜனவரி 14 அன்று இதைவிடப் பல மடங்கு தெளிவான ஒரு சமிக்ஞை வந்தது. அதில் முதன்மை ஒலியோடு அதைவிட வேகமாக அடங்கும் முதல் ஓவர்டோனும், அதாவது துணை ஒலியும், தெரிந்தது. இரண்டு ஒலிகளும் ஒரே நிறையையும் ஒரே சுழற்சியையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது ஐன்ஸ்டீன் சொன்ன கருந்துளை அல்ல. சொன்னது.

மெல்ல அழுத்தினால்?

கடைசியாக ஒரு பேனாக் கணக்கு, இதைச் செய்யாமல் மூடிவைக்காதீர்கள். தட்டாமல், பக்கத்தில் ஒரு கனமான பொருளை வைத்து அசையாமல் இழுத்தால் கருந்துளை என்ன செய்யும்? நிலா இழுத்தால் பூமி கொஞ்சம் புடைக்கிறது, அந்தப் புடைப்பு பூமியின் சொந்த ஈர்ப்புப் புலத்தையும் மாற்றுகிறது, எவ்வளவு மாற்றுகிறது என்பதைச் சொல்வது லவ் எண், அகஸ்டஸ் லவ் என்ற கணிதவியலாளரின் பெயரால். கருந்துளைக்கு அது எவ்வளவு?

நம் சமன்பாட்டில் அதிர்வெண்ணைப் பூஜ்யம் ஆக்குங்கள். அலையை ஆ³ என்று ஊகித்து உள்ளே போடுங்கள். ஒரு முறை வகைக்கெழு எடுத்தால் 3ஆ², அதை 1 − 2/ஆ ஆல் பெருக்கினால் 3ஆ² − 6ஆ, இன்னொரு முறை எடுத்தால் 6ஆ − 6, மறுபடி 1 − 2/ஆ ஆல் பெருக்கல். மறுபக்கம் பொட்டன்ஷியலை ஆ³ஆல் பெருக்கினால், (1 − 2/ஆ) × (6ஆ − 6). இரண்டும் ஒன்றே. நிகழ்வெல்லையில் எந்தக் கோளாறும் இல்லாத முழுத் தீர்வு வெறும் ஆ³தான். வெளியே இருந்து இழுக்கும் புலத்தின் பங்கு மட்டும் அதில் இருக்கிறது, கருந்துளை புடைத்திருந்தால் தூரம் போகப் போகத் தேயும் ஓர் உறுப்பு பின்னால் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும், வரவில்லை. இந்தப் பாதி உலைவுக்கு லவ் எண் பூஜ்யம். ஜெரில்லியின் பாதிக்கும் பூஜ்யம்தான், அதைக் கையால் போட இன்னும் இரண்டு பக்கம் ஆகும்.